கணினியில் விளக்கப்படம் வரைவோம்



சொற்செயலி என்றவுடன் தட்டச்சுப் பொறிக்கு மாற்றாக வந்த கருவி என்றே நம்மில் பலர் எண்ணுகின்றோம். கடிதம், விண்ணப்பம், பெயர்ப்பட்டியல், கூட்ட அறிவிப்பு ஆகியவற்றை எழுதி அச்சிட்டவுடன் அதனை மூடிவிடுகின்றோம். அதே சொற்செயலியினுள் கோடு, செவ்வகம், வட்டம், முக்கோணம், அம்புக்குறி முதலிய வடிவங்கள் வரிசையாகக் காத்திருக்கின்றன. அவற்றைக் கொண்டு எவரும் எளிய விளக்கப்படங்களை வரையலாம். இதற்கு ஓவியத் திறன் வேண்டியதில்லை. வரையப்போகும் பொருள் எவ்வாறு இயங்குகின்றது என்னும் தெளிவு மட்டும் வேண்டும்.

ஓவியம் வேறு, விளக்கப்படம் வேறு என்பதை முதலில் உணர்தல் நன்று. மயிலைத் தீட்டும் ஓவியர் அதன் அழகைக் காட்டுகின்றார். தோகையில் ஒரு கண் குறைந்தாலும் மயில் மயிலாகவே இருக்கும். விளக்கப்படம் வரைபவரோ ஒரு பொருளின் அமைப்பையும் இயக்கத்தையும் காட்டுகின்றார். அங்கே ஓர் அம்புக்குறி தவறான பக்கம் திரும்பிவிட்டால் படம் முழுவதும் பொய்யாகிவிடும். வண்ணங்கள் எத்துணைப் பொலிவாக இருப்பினும் பயனில்லை.

கோலமும் கணினியும்

கணினியில் வரையப்படும் கோட்டின் தன்மையை அறிய நம் வீட்டு வாசலுக்கே செல்லலாம். கோலமிடும் தாய் முதலில் புள்ளிகளை வைக்கின்றார். வரிசைக்கு எத்தனை புள்ளி, எத்தனை வரிசை, நேர்ப்புள்ளியா, ஊடுபுள்ளியா என்பவை அவர் மனத்தில் உள்ளன. பின்னரே கோடு புறப்படுகின்றது. எந்தப் புள்ளியைச் சுற்ற வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்பதற்கும் ஒழுங்கு உண்டு. நாளை காலை வாசலைக் கழுவியதும் கோலம் மறைந்துவிடும். ஆயினும் அந்த ஒழுங்கு மறைவதில்லை. அதே கோலத்தைச் சிறிதாகவும் இடலாம், பொங்கலன்று வாசல் நிறையப் பெரிதாகவும் இடலாம்.

கணினி ஒரு கோட்டை நினைவில் வைத்திருப்பதும் ஏறக்குறைய இவ்வாறேதான். கோடு இந்தப் புள்ளியில் தொடங்கி அந்தப் புள்ளியில் முடிகின்றது, தடிமன் இவ்வளவு, நிறம் இது என்னும் குறிப்பையே அது சேமிக்கின்றது. செவ்வகமாயின் அதன் இடம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சேமிக்கின்றது. கைப்பேசியில் எடுத்த புகைப்படம் இத்தகையது அன்று. அது எண்ணற்ற சிறு வண்ணக் கட்டங்களின் தொகுப்பு. அதனை மேன்மேலும் பெரிதாக்கினால் கட்டங்கள் தெரிந்து படம் மங்கும். வடிவங்களால் வரைந்த படத்தை எவ்வளவு பெரிதாக்கினும் கோடு கூர்மையாகவே நிற்கும். கணினி ஒவ்வொரு முறையும் குறிப்பைப் பார்த்துப் புதிதாக வரைகின்றது.

கோலத்திற்கும் கணினிக்கும் உள்ள இவ்வுறவை அறிஞர்களும் ஆராய்ந்துள்ளனர். தமிழ்நாட்டில் தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, இராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருத்திவாசனுடன் இணைந்து 1974இல் கோலத்தைப் பற்றிய ஓர் ஆய்வுக் கட்டுரையைக் கணினி வரைகலை ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டனர். மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோல் கோலத்திற்கும் இலக்கணம் எழுதலாம், அவ்விலக்கணத்தின்படி கோலங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றுவிக்கலாம் என்று அவர்கள் காட்டினர். நம் பாட்டிமார் பச்சரிசி மாவினால் தரையில் இட்டது உலகக் கணிதவியலாரின் மேசைக்குச் சென்ற வரலாறு இது.

அதற்கும் முன்னரே, 1963இல், அமெரிக்காவில் ஐவன் சதர்லாண்ட் என்னும் ஆராய்ச்சி மாணவர் திரையின்மீது ஒளிப்பேனாவால் கோடு வரையும் ஒரு முறையைச் செய்து காட்டினார். 'ஸ்கெட்ச்பேட்' என்பது அதன் பெயர். ஒரு வடிவத்தை ஒருமுறை வரைந்துவிட்டு, அதற்குப் பல படிகள் எடுக்கவும், கோடுகளை ஒன்றுக்கொன்று இணையாக நிற்கச் செய்யவும் அதில் வழி இருந்தது. அந்தக் கணினி ஓர் அறையை நிரப்பும் பருமனுடையது. அது செய்த வேலைகளுள் பல இன்று நம் பள்ளிக் கணினியில், சொற்செயலியின் ஒரு மூலையில் அடங்கிக் கிடக்கின்றன.

எதை வரைவது?

பயிற்சிக்காக வீடும் சூரியனும் தென்னை மரமும் வரைவது பலருக்கும் வழக்கம். அதில் தவறில்லை, ஆனால் அது விளக்கப்படம் ஆகாது. நம் தீவிலேயே, நாள்தோறும் கடந்து செல்லும் இடத்தில், வரையத் தகுந்த பொருள் ஒன்று உள்ளது. அதுவே மதகு.

கேரித் தீவின் ஒருபுறம் லங்காட் ஆறு. மறுபுறம் மலாக்கா நீரிணை. எட்வர்ட் வாலண்டைன் கேரி என்னும் ஆங்கிலேயத் தோட்ட முதலாளியின் பெயரை இத்தீவு தாங்கியுள்ளது. அவர் காலமாகிய இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே ரப்பர் பயிரிடப்பட்டது. இன்று செம்பனையே மிகுதி. கண்டற்காடு நிறைந்திருந்த தாழ்ந்த சேற்று நிலத்தைப் பயிர் நிலமாக்குவதற்கு மண்கரை எழுப்பிக் கடல்நீரைத் தடுத்தல் வேண்டும். உள்ளே கால்வாய் வெட்டி மழைநீரை வடித்தல் வேண்டும். நம் முன்னோர் பலர் மண்வெட்டியும் கூடையும் கொண்டு செய்த வேலைகளில் இவை முதன்மையானவை. ரப்பரையும் செம்பனையையும் பற்றி நிறையப் பேசுகின்றோம். அவை நிற்கும் தரையைக் காக்கும் மண்கரையைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

கடல் நாளொன்றுக்கு இருமுறை ஏறுகின்றது, இருமுறை இறங்குகின்றது. ஓர் ஏற்றத்திற்கும் அடுத்த ஏற்றத்திற்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆகும். கிள்ளான் துறைமுகத்தையொட்டிய இக்கரையோரத்தில், அமாவாசை, பௌர்ணமி நாள்களை அடுத்து, ஏற்றத்திற்கும் இறக்கத்திற்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 4 மீட்டர் வரை இருக்கும். இரண்டு ஆள் உயரத்திற்கும் மிகுதி என்று எண்ணிப் பாருங்கள். ஏற்றத்தின்போது வெளியே கடல் உயர்ந்தும், கரைக்கு உட்பக்கம் கால்வாய் நீர் தாழ்ந்தும் நிற்கும். இறக்கத்தின்போது நிலைமை தலைகீழாகும். கடல்நீர் உள்ளே வரவும் கூடாது. மழைநீர் உள்ளேயே தங்கவும் கூடாது. இவ்விரண்டு வேலைகளையும் ஒரே வாயில் செய்ய வேண்டும். மலாய் மொழியில் இதனைப் 'பிந்து ஆயர்', அதாவது நீர்க்கதவு என்பர்.

கரையோர மதகுகளில் பலகையைச் சக்கரத்தால் ஏற்றி இறக்கும் வகையும் உண்டு. தானே திறந்து மூடும் வகையும் உண்டு. நாம் வரையப்போவது இரண்டாவது வகை. மண்கரையின் அடியில் ஒரு குழாய் ஊடுருவிச் செல்கின்றது. அதன் கடல்பக்க வாயில் ஒரு கனத்த மூடி தொங்குகின்றது. மூடியின் மேல்விளிம்பு மட்டும் கீல் கொண்டு பிணைக்கப்பட்டுள்ளது. கடல் இறங்கும்போது உள்நீரின் அழுத்தம் மிகுந்து மூடியை வெளிப்பக்கமாகத் தள்ளுகின்றது, நீர் வடிகின்றது. கடல் ஏறும்போது வெளிநீரின் அழுத்தம் மிகுந்து மூடியைக் குழாய்வாயோடு சேர்த்து அழுத்துகின்றது, வழி அடைபடுகின்றது. மின்சாரம் இல்லை, ஆளும் இல்லை. நீரே காவற்காரன்.

இதனைச் சொற்களால் எழுதினேன். நீங்களும் படித்தீர்கள். ஆயினும் சிறு வகுப்பு மாணவன் ஒருவனுக்கு 'உட்பக்கம்', 'வெளிப்பக்கம்', 'உயர்ந்தும்', 'தாழ்ந்தும்' என்னும் சொற்கள் தலையைச் சுற்றவைக்கும். இரண்டு சிறு படங்கள் இருந்தால் ஒரு நொடியில் விளங்கிவிடும். விளக்கப்படத்தின் தேவை இங்கேதான் பிறக்கின்றது.

தாளில் முதலில்

கணினியைத் திறக்கும் முன் ஒரு தாளில் பென்சிலால் மதகை வரைந்து பாருங்கள். கரையைக் கத்தியால் குறுக்கே வெட்டிப் பக்கவாட்டில் பார்ப்பதாகக் கருதுக. இடப்பக்கம் தோட்டம், வலப்பக்கம் கடல் என்று வைத்துக்கொள்வோம். வரைந்தபின் படத்தில் எத்தனை வடிவங்கள் உள்ளன என்று எண்ணுக. மண்கரை ஒரு சரிவகம். குழாய் ஒரு நீண்ட செவ்வகம். கீல் ஒரு சிறு வட்டம். மூடி ஒரு தடித்த கோடு. உள்நீர் ஒரு செவ்வகம், கடல்நீர் மற்றொரு செவ்வகம், அடித்தரை ஒரு கோடு, நீரோட்டத்திற்கு ஓர் அம்புக்குறி. ஆக எட்டே வடிவங்கள். பத்துக்குள் அடங்காத படமாயின் அதனைப் பிரித்து இரண்டு படங்களாக வரைதல் நலம் என்பது என் கருத்து.

தாளில் வரையாமல் நேரே கணினியில் தொடங்குவோர் பெரும்பாலும் பொருளை மறந்து, வண்ணம் தேடுவதிலேயே பாடவேளையைக் கழித்துவிடுகின்றனர்.

இனித் திரையில்

மைக்ரோசாஃப்ட் வேர்டு செயலியில் மேற்பட்டையில் 'இன்செர்ட்' என்னும் பகுதியைத் திறக்க வேண்டும். பள்ளிக் கணினி மலாய் மொழியில் அமைந்திருந்தால் அதே இடத்தில் 'சிசிப்' என்று இருக்கும். அதனுள் 'ஷேப்ஸ்', மலாயில் 'பெந்துக்', என்பதைச் சொடுக்கினால் வடிவங்கள் அனைத்தும் தோன்றும். கட்டணமின்றிக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் செயலியை வைத்திருப்போர் 'வியூ' பட்டியலில் கருவிப்பட்டைகளுள் 'டிராயிங்' என்பதைத் தேர்ந்தால் அதே வடிவங்கள் திரையின் ஓரத்தில் வந்து நிற்கும்.

வேர்டு செயலியில் வடிவப் பட்டியலின் கடைசியில் 'நியூ டிராயிங் கேன்வாஸ்' என்று ஒன்று உள்ளது. அதனை வரைபலகை எனலாம். முதலில் அதனைத் தாளில் விரித்து, எல்லா வடிவங்களையும் அதன்மேல் வரைதல் வேண்டும். இதனைத் தவிர்ப்பவர் பின்னர் அல்லற்படுவர். எவ்வாறெனில், தாளின்மீது தனித்தனியே வரைந்த வடிவங்கள் ஏதேனும் ஒரு பத்தியோடு கண்ணுக்குத் தெரியாத கயிற்றால் கட்டப்பட்டுள்ளன. மேலே இரண்டு வரிகள் கூடுதலாகத் தட்டச்சுச் செய்தவுடன் பத்தி கீழே இறங்கும். வடிவமும் உடன் இறங்கும். குழாய் ஒரு பக்கத்திலும் மூடி மறுபக்கத்திலுமாகச் சிதறிப்போகும். 'கணினி என் படத்தைக் கெடுத்துவிட்டது' என்று மாணவர்கள் குறைகூறுவது பெரும்பாலும் இதனால்தான். வரைபலகையின்மீது வரைந்தால் படம் முழுவதும் ஒரே பெரிய எழுத்தைப்போல வரியோடு வரியாக நிற்கும். லிப்ரே ஆபீஸில் எல்லா வடிவங்களையும் ஒன்றுசேர்த்தபின், அதன் நங்கூரத்தை 'ஆஸ் கேரக்டர்' என்று மாற்றினால் அதே பயன் கிட்டும்.

முதலில் அடித்தரைக் கோட்டை இழுங்கள். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு இழுத்தால் கோடு கோணாமல் கிடையாக நிற்கும். வட்டத்தை வரையும்போது அதே விசையை அழுத்தினால் அது நீள்வட்டமாகாமல் முழுவட்டமாகும், செவ்வகம் சதுரமாகும். இந்த ஒரு விசையைக் கற்றவனுடைய படமும் கல்லாதவனுடைய படமும் பார்த்தவுடனேயே வேறுபட்டுத் தெரியும்.

அடுத்து நீர். வெளிர் நீல நிறத்தில், ஓரக்கோடு இல்லாமல், இரண்டு செவ்வகங்கள். அலை அலையாக வரைய வேண்டுமென்று கை துடிக்கும், வேண்டா. நீர்மட்டத்தை ஒரு நேர்க்கோட்டால் காட்டி, அதன்மேல் தலைகீழ் முக்கோணம் ஒன்றைச் சிறிதாக வைப்பது பொறியாளர் வழக்கம். உலகின் எந்நாட்டுப் பொறியாளரும் அதனைக் கண்டவுடன் 'இது நீர்மட்டம்' என்று அறிந்துகொள்வார்.

பின்னர் மண்கரை. சரிவகத்தை இரு நீர்களுக்கும் நடுவே நிறுத்துங்கள். அது நீருக்குப் பின்னால் மறைந்தால் அஞ்ச வேண்டா. திரையில் வடிவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த அட்டைகளைப் போன்றவை. வலப்பொத்தானைச் சொடுக்கி 'பிரிங் டு ஃப்ரண்ட்' என்றால் அட்டை மேலே வரும். 'செண்ட் டு பேக்' என்றால் அடியில் போகும். அதன்பின் குழாயைக் கரையின்மேல் வைத்து வெண்மையாக்குங்கள். குழாயின் கடல்பக்க முனையில் கீல், கீலிலிருந்து மூடி.

பெயர்களை எழுத்துப் பெட்டியில் தமிழிலேயே எழுதுங்கள். 'மண்கரை', 'குழாய்', 'மூடி', 'கால்வாய் நீர்', 'கடல்' என்பவை போதும். கணினியில் தமிழ் எழுதுவதற்கு நம் நாட்டவர் ஆற்றிய பங்கு பெரிது. மலேசியரான முத்து நெடுமாறன் 1985இல் உருவாக்கத் தொடங்கிய முரசு செயலி பின்னர் முரசு அஞ்சல் எனப் பரவிற்று. கைப்பேசிக்கு அவர் உருவாக்கியது செல்லினம். ஆப்பிள் கணினிகளிலுள்ள இணைமதி எழுத்துருவும் அவர் வடிவமைத்ததே. எழுத்துருவிலுள்ள ஒவ்வோர் எழுத்தும் புள்ளிகளாகவும் வளைவுகளாகவும் சேமிக்கப்பட்டதுதான் என்பதை இங்கே சேர்த்துச் சொல்லலாம். 'கரை' என்று நீங்கள் எழுதும்போது கணினி அதனையும் ஒரு படமாகவே வரைகின்றது.

எல்லா வடிவங்களும் அமைந்தபின், ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொடுக்கி, வலப்பொத்தானில் 'குரூப்' என்பதைத் தேர்ந்தால் அவை ஒரே பொருளாகும். கதிர்களை ஒரு கட்டாகக் கட்டுவது போன்றது இது. வேண்டும்போது கட்டை அவிழ்க்கவும் இயலும்.

இரண்டாவது படம்

இங்கேதான் கணினியின் உண்மையான உதவி தெரிகின்றது. தாளில் வரைந்தவர் இரண்டாவது படத்தை மீண்டும் முதலிலிருந்து வரைய வேண்டும். கரையின் சாய்வு மாறும், குழாயின் நீளம் மாறும். பார்ப்பவன் எது வேண்டுமென்றே மாற்றப்பட்டது, எது கை தவறியது என்று குழம்புவான். திரையில் முதற்படத்தை அப்படியே படியெடுத்து அருகில் வையுங்கள். இரண்டாவதில் மூன்றை மட்டும் மாற்றுங்கள். கடல்நீரின் உயரத்தைக் குறைக்கவும். மூடிக் கோட்டின் கீழ்முனையைப் பிடித்து வெளிப்பக்கம் இழுக்கவும்; மேல்முனை கீலிலேயே நிற்கும். உள்ளிருந்து வெளியே செல்லும் அம்புக்குறியைச் சேர்க்கவும். மற்றவை இம்மியும் மாறாமையால் மாறியவை மட்டுமே கண்ணில் படும். முதற்படத்தின் கீழ் 'கடல் ஏற்றம்' என்றும், இரண்டாவதன் கீழ் 'கடல் இறக்கம்' என்றும் எழுதுங்கள்.

அம்புக்குறியைப் பற்றி ஒரு சொல். சிலர் படத்தில் எங்கு நோக்கினும் அம்புக்குறியாகவே வைக்கின்றனர். பெயரைச் சுட்டவும் அம்புக்குறி, நீரோட்டத்திற்கும் அம்புக்குறி, அழுத்தத்திற்கும் அம்புக்குறி. பார்ப்பவன் எதனை எப்படிக் கொள்வான்? பெயரைச் சுட்டுவதற்குத் தலையில்லாத மெல்லிய கோடு போதும். நீர் ஓடுவதற்கு மட்டும் தடித்த அம்புக்குறி இருக்கட்டும். கடல் மூடியை அழுத்துவதைக் காட்ட விரும்பினால் விட்டுவிட்டு இட்ட கோட்டாலான அம்புக்குறியை இட்டு, அதன் பொருளைப் படத்தின் அடியில் எழுதிவிடுக.

நிறத்திற்கும் எச்சரிக்கை வேண்டும். திரையில் அழகாக வேறுபட்ட நீலமும் பச்சையும் கருப்பு வெள்ளை நகலில் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். மண்கரைக்கு நிறத்தோடு சாய்கோட்டு நிரப்பலும் கொடுத்துவிட்டால் எந்த நகலிலும் அது மண்கரையாகவே தெரியும். நிழல், பளபளப்பு, முப்பரிமாணம் முதலிய அலங்காரங்கள் சொற்செயலியில் குவிந்து கிடக்கின்றன. திருமண அழைப்பிதழுக்கு அவை பொருந்தலாம்.

எதை விடுவது?

மூடியின் திருகாணிகளையும், கரைமேல் வளர்ந்த புல்லையும், அப்பால் நிற்கும் செம்பனைகளையும் நாம் வரையவில்லை. கரையின் உயரமும் குழாயின் அகலமும் உண்மை அளவுப்படி இல்லை. இது பொய்யாகாதா என்று சிலர் வினவலாம். ஒரு புகழ்பெற்ற படத்தைக் கொண்டு இதற்கு விடை கூறலாம். இலண்டன் நகரின் நிலத்தடி இரயில் பாதைகளுக்கு 1931இல் ஹாரி பெக் என்னும் வரைவாளர் ஒரு புதிய படம் வரைந்தார். பாதைகள் மெய்யாகவே வளைந்து நெளிந்து செல்கின்றன. அவர் அவற்றைக் கிடைக்கோடு, செங்குத்துக் கோடு, சாய்கோடு என்று மட்டுமே வரைந்தார். நிலையங்களுக்கு இடையிலுள்ள தொலைவையும் பொருட்படுத்தவில்லை. முதலில் அதிகாரிகள் தயங்கினர். 1933இல் வெளியிட்டபோது மக்கள் அதனை விரும்பி ஏற்றனர். பயணிக்கு வேண்டுவது அடுத்த நிலையம் எது, எங்கே வண்டி மாற வேண்டும் என்பதே.

கிள்ளான் நிலையத்தில் கொமுட்டர் வழித்தடப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். பிரிக்ஃபீல்ட்ஸிலுள்ள கேஎல் சென்ட்ரலிலிருந்து சுபாங் ஜெயா, ஷா ஆலாம், கிள்ளான் வழியே கிள்ளான் துறைமுகம் வரை நிலையங்கள் மணி கோத்தாற்போல் ஒரு கோட்டில் நிற்கின்றன. ஆற்றின் வளைவு அதில் இல்லை, சாலை இல்லை. அதனால் எவரும் வழி தவறியதில்லை. ஆனால் நிலையங்களின் வரிசையில் ஒன்று மாறியிருந்தால்? தொலைவை விடலாம், வரிசையை விட முடியாது. மதகுப் படத்திலும் அவ்வாறே. அளவை விடலாம், எந்தப் பக்க நீர் உயர்ந்தது, மூடி எப்பக்கம் திறக்கும் என்பவற்றை விட முடியாது.

பெற்றோர்களுக்கு

பிள்ளைகள் வரைந்த படத்தைப் பாராட்டுவதோடு நின்றுவிடாதீர்கள். கால்வாய் வெட்டியவரும், மதகைப் பார்த்துக்கொண்டவரும், மழைக்காலத்தில் கரையில் நடந்தவரும் நம் குடும்பங்களில் உண்டு. படத்தில் தவறு இருந்தால் அவர்கள் கண்ணுக்கே முதலில் தெரியும். 'மூடி உள்பக்கம் திறப்பதாகப் போட்டிருக்கிறாயே, அப்படியானால் கடல் உள்ளே வந்துவிடுமே' என்று ஒரு தாத்தா சொல்லிவிட்டால், அச்சொல் பாடநூலில் கிடைக்காத திருத்தம். திரையில் வரைந்த படமாதலால் அழிப்பான் தேடவோ புதுத்தாள் எடுக்கவோ வேண்டியதில்லை. கோட்டின் முனையைப் பிடித்து அவர் கண்முன்னேயே மாற்றிவிடலாம். மதகைப் பற்றி முதியவர்கள் அறிந்தவற்றுள் மிகுதி எங்கும் எழுதப்படாதவை. அடுத்த தலைமுறை தோட்டத்தை விட்டுக் கிள்ளானுக்கும் ஷா ஆலாமுக்கும் குடிபெயர்ந்துகொண்டிருக்கின்றது. கேட்டு எழுதவும் வரையவும் இதுவே காலம்.

வீட்டில் கணினி இல்லையே என்னும் கவலையும் நியாயமானதே. வேர்டு செயலி கைப்பேசியிலும் உண்டு. அதிலும் வடிவங்களைச் செருகலாம். கூகுள் ஸ்லைட்ஸ் செயலியிலும் கைப்பேசி வழியே கோடும் செவ்வகமும் வரைய இயலும். கல்வி அமைச்சு 2020இல் தொடங்கிய டெலிமா தளத்தின் கணக்கு மாணவர்களிடம் இருப்பதால் தனியே பணம் செலுத்த வேண்டியதில்லை. சிறிய திரையில் விரலால் வரைவது சற்றுத் தொல்லைதான். தாளில் வரைந்த படத்தை வீட்டாரிடம் காட்டித் திருத்திக்கொண்டு, பள்ளிக் கணினி அறையில் அதனை முடிப்பது இன்னும் எளிது.

மதகுப் படம் கைவந்தபின் வேறு படங்களுக்குச் செல்லலாம். வெட்டிய செம்பனைக் குலை ஆலைக்குச் சென்று எண்ணெயாகும் வழி அவற்றுள் ஒன்று. குலை வெட்டுதல், லாரியில் ஏற்றுதல், ஆலையில் நீராவியால் அவித்தல், காய்களைக் குலையிலிருந்து பிரித்தல், பிழிதல், எண்ணெயைத் தெளியவைத்தல் என ஆறு பெட்டிகளும் அவற்றை இணைக்கும் ஐந்து அம்புக்குறிகளும் போதும். வெட்டிய குலையை ஒரு நாளைக்குள் ஆலையில் சேர்க்க முயல்வர். காலம் தாழ்ந்தால் எண்ணெயில் அமிலம் கூடித் தரம் குறையும். அதனை இரண்டாவது பெட்டியின்மேல் ஒரு சிறு கடிகாரமாக வரைந்து காட்டலாம்.

மதகுக்கும் மூன்றாவது படம் ஒன்று பாக்கியுள்ளது. 2021 டிசம்பரில் பெய்த பெருமழையையும், ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா முதலிய இடங்களில் வீடுகள் மூழ்கியதையும் எவரும் மறந்திருக்க மாட்டோம். பெருமழை பெய்யும் வேளையில் கடலும் ஏறியிருக்குமாயின் மூடி திறவாது. கால்வாய் நீர் இறக்கம் வரும்வரை உள்ளேயே காத்திருக்க வேண்டும். அதனினும் தொல்லையானது வேறொன்று. நீரோடு மிதந்து வந்த மரக்கட்டை ஒன்று மூடிக்கும் குழாய்க்கும் நடுவே சிக்கிக்கொண்டது எனக் கொள்வோம். கடல் ஏறத் தொடங்குகின்றது. மூடி முழுவதும் மூடவில்லை. முதற்படத்தைப் படியெடுத்து, மூடிக்கு அடியில் ஒரு சிறு வட்டத்தை வைத்து, அம்புக்குறி எப்பக்கம் திரும்பும் என்பதை நீங்களே வரையுங்கள். பின்னர் அதனை வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரிடம் காட்டி, அந்தக் கட்டையை எந்த நேரத்தில், எப்பக்கமிருந்து எடுப்பார்கள் என்று கேளுங்கள்.